பெரிய மனையில் சின்னப் பழைய வீடு: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நகரத்துக்குள் வீடு தேடி அலைகிறவர்களின் கண்ணில் எப்போதாவது இப்படி ஒன்று படும். சுற்றிலும் மாடிக் கட்டடங்கள். நடுவில் அகலமான ஒரு மனை, அதில் ஒற்றைத் தளத்தில் ஒரு பழைய வீடு, மீதியெல்லாம் மண் தரையும் மரங்களும். பார்த்தவுடன் சிலருக்கு "கொஞ்சம் சரி பண்ணிக் குடியேறிவிடலாம்" என்று தோன்றும். வேறு சிலருக்கு "இடித்துவிட்டு மூன்று மாடி கட்டலாம்" என்று தோன்றும். எந்த எண்ணம் முதலில் வந்ததோ அதற்கே சாதகமாக மீதி எல்லாவற்றையும் பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இப்படிப்பட்ட சொத்தில் மனை, அதன் மேல் நிற்கும் வீடு என்று இரண்டு பொருள்களை வாங்குகிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே விலை சொல்வார்கள், ஒரே பத்திரத்தில் கைமாறும். ஆனால் ஊர் வளர வளர மனையின் மதிப்பு பெரும்பாலும் ஏறும், வீட்டின் மதிப்போ ஆண்டுக்கு ஆண்டு தேயும். இரண்டையும் பிரித்து எடைபோடக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீழே சொல்லியிருக்கும் வரிசை, செலவில்லாத சோதனைகளை முதலிலும் செலவு பிடிக்கும் சோதனைகளைப் பின்னாலும் வைத்து அமைந்தது. முதல் இரண்டு படிகளிலேயே ஒரு மனை கழிந்துபோகலாம். அப்படிக் கழிந்தால் பொறியாளருக்குக் கொடுக்கவிருந்த பணம் மிச்சம்.

1. வீடு மனைக்குள் எங்கே இருக்கிறது?

வாசலில் நின்றதும் நான் பார்ப்பது இதைத்தான். சுவரின் நிறம், தரையின் பளபளப்பு எல்லாம் அப்புறம்.

வீடு முன்பக்கம் ஒரு மூலையை ஒட்டி இருந்து, பக்கத்தில் ஒரு வண்டி போகும் அளவுக்கு, அதாவது பத்துப் பன்னிரண்டு அடி வழி இருந்தால், அந்த மனையில் நான்கு வழிகளும் திறந்திருக்கின்றன. அப்படியே குடியிருக்கலாம். வீட்டை நீட்டிக் கட்டலாம். பழைய வீட்டில் இருந்துகொண்டே பின்னால் புதிதாக ஒன்று கட்டலாம், அல்லது விதி இடம் கொடுத்தால் பின்பாதியைப் பிரித்து விற்கலாம். கடைசியாக, எல்லாவற்றையும் இடித்துப் புதிதாகக் கட்டலாம்.

அதே வீடு மனையின் நட்டநடுவில் இருந்தால் கதை வேறு. முன்னாலும் போதாது, பின்னாலும் போதாது. காலியிடம் நிறைய இருப்பதுபோல் தெரியும், ஆனால் ஒவ்வொரு துண்டும் எதற்கும் உதவாத அளவில் இருக்கும். அங்கே இருப்பதை வைத்துக்கொள்வது, முழுவதும் இடிப்பது என்ற இரண்டு வழிகள்தான் மிஞ்சும். ஒரே பரப்புள்ள இரண்டு மனைகளுக்கு இதனாலேயே நிறைய வித்தியாசம் வந்துவிடுகிறது. விற்பவரும் தரகரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

ஒரு தாளில் அந்த நான்கு வழிகளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படியிலும் எது அடிபடுகிறது, எது நிற்கிறது என்று குறித்துக்கொண்டே போகலாம்.

2. பத்திரங்கள்

வழக்கறிஞரிடம் கொடுப்பதற்கு முன்பே நீங்கள் படித்துப் பார்க்க முடியும். பழைய வீடுகள் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்கு மேல் ஒரே குடும்பத்தில் இருந்தவை. யார் பெயரில் இருந்தது, அவருக்குப் பின் வாரிசுகள் எத்தனை பேர், உயில் உண்டா, பாகப்பிரிவினை நடந்ததா, எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரா என்று கேளுங்கள். வெளியூரில் இருக்கும் ஒரு வாரிசின் கையெழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் நிற்கும் சொத்துகள் உண்டு.

வில்லங்கம், அடமானம், வழக்கு எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்துவிடுவார். அவர் கண்ணில் தப்பக்கூடியவை வேறு. பின்வீட்டுக்காரர் நடந்துபோக இந்த மனையில் பாதை உரிமை இருக்கிறதா? பக்கத்து வீட்டுச் சாக்கடைக் குழாய் இந்த மண்ணுக்கடியில் ஓடுகிறதா? மின்கம்பி மேலே போகிறதா? சாலையை அகலப்படுத்தும் திட்டத்தில் முன்பக்கத்தில் சில அடி போகுமா? இப்படிப்பட்ட உரிமைகள் போகும் பட்டையில் பொதுவாகக் கட்டடம் கட்ட முடியாது. பத்திரத்தில் முழுப் பரப்புக்கும் பணம் கொடுப்பீர்கள், ஆனால் கட்ட முடிவது மீதியில்தான்.

உள்ளே குடித்தனக்காரர் இருந்தால் அவர் காலி செய்த பிறகே கிரயம் என்று வைத்துக்கொள்வது நல்லது. "அவர் போய்விடுவார்" என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

3. விதி எவ்வளவு கட்டவிடும்?

பெரிய மனை என்றால் பெரிய கட்டடம் கட்டலாம் என்று நினைப்பது இயல்பு. எவ்வளவு கட்டலாம் என்பதை நான்கைந்து விதிகள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அவற்றில் எது மிகக் குறைவாக அனுமதிக்கிறதோ அதுதான் கடைசி வார்த்தை. உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டோ அவர்கள் வெளியிட்டுள்ள விதிகளைப் படித்தோ இவற்றைத் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனை 50 அடி அகலம், 120 அடி நீளம். பரப்பு 6,000 சதுர அடி. எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீடு 1.5 என்று இருந்தால், எல்லாத் தளங்களையும் கூட்டி 9,000 சதுர அடி கட்டலாம். இப்போது இருக்கும் வீடு 900 சதுர அடிதான், அதாவது அனுமதியில் பத்தில் ஒரு பங்கு. இங்கே நிறுத்திவிட்டுக் கனவு காண ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். தொடர்ந்து போவோம். முன்னால் 15 அடி, பின்னால் 10 அடி, இரண்டு பக்கமும் 5 அடி காலியாக விட வேண்டும் என்றால் கட்டக்கூடிய இடம் 40 அடிக்கு 95 அடி, 3,800 சதுர அடி. ஆனால் மனையில் பாதிக்கு மேல் கட்டடம் மூடக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தால் அது 3,000 ஆகிவிடும். 9,000-ஐ எட்ட மூன்று தளம் வேண்டும். உயர வரம்பு இரண்டு தளம்தான் என்றால் 6,000-உடன் கதை முடிந்தது. எஃப்எஸ்ஐயில் மூன்றில் ஒரு பங்கு காகிதத்திலேயே தங்கிவிடும். இதற்கு மேல் வண்டி நிறுத்த இடம், சாலை அகலத்தைப் பொறுத்த கட்டுப்பாடு என்று வேறு சில உண்டு.

இதே 6,000 சதுர அடி 30 அடி அகலத்திலும் 200 அடி நீளத்திலும் இருந்தால்? பக்கத்துக்கு 5 அடி விட்டபின் 20 அடி அகலத்துக்கு ஒரு நீண்ட பட்டைதான் கிடைக்கும். அதில் படிக்கட்டும் நடைபாதையும் போக அறைகள் ரயில் பெட்டிபோல வரிசையாக நிற்கும். மனையில் அகலம்தான் காசு என்று சொல்வேன். பின்பக்க நீளம் ஓரளவுக்கு மேல் தோட்டத்துக்குத்தான் ஆகும். மூலை மனைக்கு வெளிச்சமும் காற்றும் நிறைய வரும், ஆனால் பல இடங்களில் இரண்டு சாலைப் பக்கத்திலும் முன்பக்க அளவுக்கே இடைவெளி கேட்பார்கள். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரித்து விற்கும் எண்ணம் இருந்தால் ஒரு மனைக்குக் குறைந்தபட்சப் பரப்பு எவ்வளவு, சாலையை ஒட்டிய அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். பரப்பு போதும், அகலம் போதாது என்று நின்றுபோகும் பிரிவினைகள்தான் ஏராளம்.

இரண்டு விஷயங்கள் இடிக்கும் வழியையே மூடிவிடக்கூடும். ஒன்று, அந்த வீடோ தெருவோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பது. இன்னொன்று, மரங்கள். பெரிய மரத்தை அனுமதியில்லாமல் வெட்டக்கூடாது என்ற விதி பல நகரங்களில் உண்டு. மனை நடுவில் நிற்கும் ஒரு மரம் உங்கள் வரைபடத்தையே மாற்றும். எனக்கு மரத்தை ஒட்டிக் கட்டுவதுதான் பிடிக்கும், ஆனால் அது முன்கூட்டியே தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

4. டேப்பை எடுங்கள்

பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கும் என்று நம்பாதீர்கள். பழைய மனைகளில் எல்லைக்கல் புதைந்திருக்கும், பக்கத்துச் சுவர் சற்று உள்ளே வந்திருக்கும், ஒரு கூரையின் நுனி இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும்.

நான்கு பக்கத்தையும் அளந்தால் போதாது. மூலைக்கு மூலை குறுக்காகவும் அளக்க வேண்டும். நான்கு பக்க அளவும் சரியாக இருந்துகொண்டே மனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். உதாரணமாக 40 அடிக்கு 100 அடி மனையில் மூலைகள் சரியாக இருந்தால் இரண்டு குறுக்களவும் சுமார் 107 அடி 8 அங்குலம் வரும். அதில் ஒன்று 95 அடிதான் வருகிறது என்றால், பக்கங்கள் மாறாமலே பரப்பு 4,000-இலிருந்து சுமார் 3,790 சதுர அடிக்கு இறங்கிவிடும். 200 சதுர அடிக்கு மேல் காணாமல் போகிறது, அதுவும் நகரத்து விலையில். ஒரு குறுக்களவு போட்டால் மனை இரண்டு முக்கோணமாகிவிடும், மூன்று பக்கமும் தெரிந்த முக்கோணத்தின் பரப்பைக் கைபேசியிலேயே கணக்கிட்டுவிடலாம்.

உங்கள் அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே சர்வேயரைக் கூப்பிடுங்கள். வித்தியாசம் எந்தப் பக்கத்தில், பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை ஆண்டுகளாக அந்தத் துண்டை அனுபவிக்கிறார் என்பது முக்கியம். நீண்ட காலம் அனுபவித்தவருக்கு உரிமை வந்துவிடும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது.

5. மண்ணும் தண்ணீரும்

மழை பெய்யும்போது, அல்லது பெய்து ஓய்ந்த உடனே ஒரு முறை போய்ப் பாருங்கள். வெயிலில் பத்து முறை போவதைவிட இது மேல்.

பழைய வீடுகளுக்கு ஒரு பொதுவான கஷ்டம் உண்டு. வீடு அதே இடத்தில் நிற்கும், சாலைமட்டும் ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்துகொண்டே போகும். கடைசியில் வாசற்படி இறங்கி வீட்டுக்குள் போக வேண்டியிருக்கும். தெருத் தண்ணீர் முழுக்க உள்ளேதான் வரும். இரண்டு பேர் சேர்ந்து, தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டத்தை வைத்துச் சாலையின் நடுமட்டத்துக்கும் வீட்டுத் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துவிடலாம். தெருவில் இருக்கும் சாக்கடை மூடியின் மட்டத்தைவிட வீட்டின் கழிவறைத் தரை தாழ்ந்திருந்தால், அடைப்பு வரும் நாளில் கழிவு எதிர்த்து ஏறும். தடுப்பு வால்வு போடலாம், ஆனால் அதைப் பராமரிக்க வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையும் இருக்கிறது. அதற்கு ஆகும் செலவைப் பழைய சின்ன வீட்டின் மதிப்போடு ஒப்பிட்டுவிட்டே முடிவெடுங்கள்.

மண்ணுக்குள் என்ன புதைந்திருக்கிறது என்பதை அக்கம்பக்கத்து முதியவர்களிடம் கேளுங்கள். பாதாளச் சாக்கடை வருவதற்கு முன் கட்டிய வீடு என்றால் எங்கோ ஒரு செப்டிக் டேங்க் இருந்தே தீரும். மூடிய கிணறு இருக்கலாம். அந்த இடம் முன்பு குட்டையாகவோ பள்ளமாகவோ இருந்து குப்பையும் மண்ணும் கொட்டி மேடாக்கியதாக இருக்கலாம். கொட்டிய மண் ஒரே சீராக அமுங்காது, அதன்மேல் கட்டினால் அஸ்திவாரச் செலவு பல மடங்காகும். புதிதாகக் கட்டும் எண்ணம் இருந்தால் மண் பரிசோதனையை வாங்கிய பிறகு செய்யாதீர்கள். விற்பவரின் சம்மதத்தோடு வாங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

களிமண் நிலமா என்றும் பாருங்கள். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். வீட்டை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சி மண்ணைச் சுருக்கிவைத்திருக்கும். அந்த மரத்தை வெட்டினால் மண் மறுபடி உப்பி, அதுவரை நன்றாக இருந்த சுவரில் வெடிப்பு வரலாம். "வந்தவுடன் மரத்தை எடுத்துவிடலாம்" என்று முடிவு கட்டும் முன் இதை ஒரு பொறியாளரிடம் கேளுங்கள்.

6. வீட்டைப் படிப்பது

இப்போதுதான் உள்ளே போகிறோம். ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், சின்ன சுத்தியல், ரசமட்டம், பென்சில் போதும். எல்லா அறையிலும் தட்டுமுட்டுச் சாமான்களை நகர்த்திப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது வண்ணம் அடித்திருந்தால் அந்தச் சுவரில்தான் முதலில் கை வையுங்கள்.

வெடிப்புகளில் எல்லாமே பயப்பட வேண்டியவை அல்ல. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழைக் கோடுகள் பூச்சு சுருங்கியதால் வந்தவை, விட்டுவிடலாம். 5 மில்லிமீட்டர் வரை உள்ளதைப் பெரும்பாலும் அடைத்துப் பூசிவிடலாம். அதற்கு மேல் போனால், அல்லது ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடினால், செங்கல் வரிசைகளில் படிக்கட்டுபோல் இறங்கினால், அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்குகிறது என்று சந்தேகப்படலாம். வெடிப்பு சுவரின் இரு பக்கமும் தெரிகிறதா, மேலே அகலமா கீழே அகலமா என்று குறித்து, அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பழைய வெடிப்பு நின்றுவிட்டதா, இன்னும் வளர்கிறதா என்பதுதான் கேள்வியே. வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்து இரண்டு மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அவ்வளவு நேரம் கிடைக்காது என்றால் உள்ளே தூசியும் பழைய வண்ணமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழையது. உட்பக்கம் புத்தம்புதிதாகச் செங்கல் நிறம் தெரிந்தால் அண்மையில் திறந்தது.

கான்கிரீட் தளம் என்றால் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஓடும் கோடுகளைத் தேடுங்கள். கான்கிரீட் புதிதாக இருக்கும்போது அதன் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். காற்றில் உள்ள கரியமில வாயு மெல்ல மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். பல பத்தாண்டுகளில் அது கம்பி வரை போய்ச் சேர்ந்து, கூடவே ஈரமும் இருந்தால், துரு தொடங்கும். துரு இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில்தான் தளம் அடியில் பிளந்து துண்டு துண்டாக விழுகிறது. சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்துவிட்ட இடம் வெற்றுப் பெட்டிபோல் கேட்கும். கழிவறைக்கு மேலும் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழும் கட்டாயம் தட்டுங்கள்.

ஓட்டுக்கூரையோ மர உத்திரமோ இருந்தால், மரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். முனை மெத்தென்று இறங்கினால் உள்ளே ஒன்றுமில்லை. கதவு நிலையின் அடிப்பாகத்திலும் சுவரோரத்திலும் பென்சில் தடிமனுக்கு ஓடும் மண் குழாய்கள் கரையானின் அடையாளம்.

அடுத்து ஓதம். தரையிலிருந்து ஏறும் ஈரம் பொதுவாக ஒரு மீட்டருக்கு மேல் போகாது, ஏறி நின்ற இடத்தில் உப்புப் பூத்த கோடு ஒன்று தெரியும். அதற்கு மேலே உயரத்தில் ஈரம் தெரிந்தால் அது குழாய்க் கசிவு அல்லது கூரைக் கசிவு, வேறு மருந்து. சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்கு யாராவது பின்னால் சிமென்ட் பூசியிருந்தால் ஓதம் அதிகமாவதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும் இயல்புடையது. சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. அப்படிப்பட்ட வீட்டில் சிமென்ட் பூச்சை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூசினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பலர் இதைச் சுவரே கெட்டுவிட்டதாக எண்ணி இடிக்கிறார்கள். அது எனக்கு மனக்கஷ்டமாக இருக்கும். நல்ல செங்கல் சுவர் அது.

மேலே ஒரு தளம் கட்டும் எண்ணம் இருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒற்றைத் தளத்துக்குப் போட்ட அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்கும் என்று எந்த உறுதியும் இல்லை. சுவர் ஒன்பது அங்குலமா, நாலரை அங்குலமா என்று கதவு வழியில் அளந்து பாருங்கள். நாலரை அங்குலச் சுவர் தடுப்புச் சுவர், அதன்மேல் பாரம் ஏற்ற முடியாது. அஸ்திவாரத்தை ஓரிடத்திலாவது தோண்டி ஆழத்தையும் அகலத்தையும் பார்க்காமல் "தாங்கும்" என்று சொல்கிறவரின் பேச்சை ஏற்காதீர்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் சரி.

7. கம்பிகளும் குழாய்களும் தூசியும்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பழைய வீட்டில் வயரிங்கும் பிளம்பிங்கும் முழுதாக மாற்றப்பட வேண்டியவை என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே பாதுகாப்பு. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், துணி அல்லது ரப்பர் சுற்றிய வயர், எர்த் இல்லாத பிளக் பாயின்ட் தெரிந்தால் அதில் பேச்சுக்கே இடமில்லை. புதிதாகப் போடும்போது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சைச் சேர்த்துவிடுங்கள். இரும்புக் குழாய்கள் உட்புறம் துருவேறிக் குறுகியிருக்கும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் தெரிந்துவிடும். தெருவுக்குப் போகும் பழைய சுட்ட மண் குழாய்க்குள் மர வேர் புகுந்திருக்கும். கேமரா விட்டுப் பார்க்கிறவர் கிடைத்தால் அந்தச் செலவு வீண் இல்லை.

ஆஸ்பெஸ்டாஸ் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கூரைத் தகடு, மழைநீர்க் குழாய், பழைய தரை ஓடு என்று பல இடத்தில் அது ஒளிந்திருக்கும். அசையாமல் முழுதாக இருக்கும்வரை ஆபத்து குறைவு. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் வரும் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும், அதுவும் பல பத்தாண்டுகள் கழித்து. பிரிட்டன் 1999-இலும் ஆஸ்திரேலியா 2003 இறுதியிலும் இதை முழுவதுமாகத் தடை செய்தன. உங்கள் வீடு எந்த நாட்டில் இருந்தாலும் தடைக்கு முன் கட்டியது என்றால் இருக்கும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். இடிப்புக்கு விலை சொல்பவரிடம் இதை எப்படி அகற்றுவார் என்று கேளுங்கள். தெளிவான பதில் சொல்லாதவருக்கு வேலையைக் கொடுக்காதீர்கள். இடிப்பில் தூசி குடிப்பது அங்கே வேலை செய்யும் மனிதர்கள். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்கா வீடுகளுக்கு ஈய வண்ணத்தை 1978-இல்தான் தடை செய்தது. சின்னக் குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்றால் அதை உலர்ந்த நிலையில் தேய்த்து எடுக்கவே கூடாது.

8. விலையைப் பிரித்துப் பார்த்தல்

விற்பவர் கேட்கும் விலை 100 என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் மனை. அதே பகுதியில், ஏறக்குறைய இதே அளவுள்ள காலி மனைகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று பாருங்கள். "இதே அளவு" என்பது முக்கியம். சின்ன மனைகளுக்குச் சதுர அடி விலை பொதுவாகக் கூடுதலாக இருக்கும். அதை அப்படியே பெரிய மனையால் பெருக்கினால் ஏமாந்துபோவீர்கள். இந்தக் கணக்கில் மனை 92 என்று வருகிறது என்போம்.

அடுத்து வீடு. இதே அளவு வீட்டை இன்று புதிதாகக் கட்ட 20 ஆகும். வீட்டின் ஆயுள் 60 ஆண்டு, 45 ஓடிவிட்டது. மிச்சம் நாலில் ஒரு பங்கு, ஆக 5. உடனே செய்ய வேண்டிய பழுது வேலைக்கு 4. வீட்டோடு வைத்துக்கொள்ள நினைப்பவருக்கு இது 92, 5 கூட்டி 4 கழித்தால் 93.

இடிக்க நினைப்பவருக்கு வீடு சொத்தல்ல, செலவு. இடித்து அள்ளிப்போட 3 என்றால் அவருக்கு இது 89. ஆக, 100 என்ற விலையில் ஏழிலிருந்து பதினொன்று வரை எதற்கென்றே தெரியாமல் கேட்கப்படுகிறது. இந்த எண்ணிக்கைகளோடு பேரம் பேச உட்காருங்கள். "கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்பதற்கும் பழுதுப் பட்டியலை நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம்.

கட்டி விற்க நினைப்பவருக்கு மூன்றாவது கணக்கு ஒன்று உண்டு, பின்னாலிருந்து தொடங்குவது. முடிந்த கட்டடம் 300-க்கு விற்கும். கட்டுமானம் 130, வரைபடமும் அனுமதியும் 15, வட்டி 20, விற்பனைச் செலவு 10, லாபம் 40. கழித்தால் 85 மிஞ்சும். மனைக்கு அதற்கு மேல் கொடுக்க முடியாது. இந்தக் கணக்கு எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்குகிறது என்று பாருங்கள்: கட்டுமானச் செலவு பத்து சதவீதம் ஏறினால் 13 போய் 72 ஆகிவிடும். மனைக்குக் கொடுக்கக்கூடியதில் பதினைந்து சதவீதம் கரைந்துவிட்டது. முதல்முறை கட்டுகிறவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

வங்கிக் கடனில் வாங்குகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கட்டடத்தின் மிச்ச ஆயுள் கடன் காலத்தைவிடக் குறைவாக இருந்தால் வங்கி தயங்கும், கடன் தொகையையோ காலத்தையோ குறைக்கும். மனை மதிப்பு அதிகம், வீட்டு மதிப்பு குறைவு என்ற சொத்தில் இது அடிக்கடி வரும். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வங்கியிடம் மதிப்பீடு கேட்டுவிடுங்கள். பழுதுபார்ப்புக்குப் போட்ட தொகையில் இன்னும் 15 முதல் 20 சதவீதம் தனியே எடுத்துவையுங்கள். பழைய சுவரைத் திறக்கும்போது ஏதாவது ஒன்று வெளியே வரத்தான் செய்யும்.

9. ஒப்பந்தம், அதற்குப் பின்

முன்பண ஒப்பந்தத்தில் மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கப் பாருங்கள்: சர்வே அளவு பத்திரத்தோடு ஒத்துப்போக வேண்டும், கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை திருப்தியாக இருக்க வேண்டும், காலியான வீடாக ஒப்படைக்க வேண்டும். இதில் எது தவறினாலும் முன்பணம் திரும்பி வரும் என்று எழுதச் சொல்லுங்கள். விற்பவர் அவசரப்படுத்தி இவற்றை நீக்கச் சொன்னால் காரணம் கேளுங்கள். சொல்ல முடியாத அவசரம் என்றால் நான் எழுந்து வந்துவிடுவேன்.

வாங்கிவிட்டீர்கள் என்றால், வீடு பாதுகாப்பாகக் குடியிருக்கும் நிலையில் இருந்தால், இடிக்கும் ஆளை உடனே கூப்பிட வேண்டாம். வயரிங்கையும் கசிவையும் மட்டும் சரிசெய்துகொண்டு ஒரு வெயில், ஒரு மழை அங்கே இருந்து பாருங்கள். காலை வெளிச்சம் எந்த மூலையில் விழுகிறது, மாலையில் பக்கத்து மாடியின் நிழல் எதுவரை வருகிறது, தண்ணீர் எங்கே தேங்குகிறது, தெருச் சத்தம் எந்த அறைக்கு எட்டவில்லை என்றெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். வரைபடம் போடுகிறவரிடம் அந்த நோட்டைக் கொடுத்துவிட்டு, முதல் வரைபடத்தில் பழைய வீட்டின் எந்தச் சுவரையாவது வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள்.